இரவல் கவுனில் எடுத்த கலர் படம்

எனக்கு எழுத வராது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாலாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள். கடிதம் எழுதினால் வரி மேலே ஏறிப் போகும், பேத்தி சிரிப்பாள். மறதியும் வந்துவிட்டது, காலையில் வைத்த சாவி சாயங்காலம் கிடைப்பதில்லை. சொல்வது முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தொம்மலூர் ஏரிக்கரையில் என்னோடு வளர்ந்தவர்கள் இன்னும் பத்துப் பேராவது இருக்கிறோம். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். வாயால் சொல்லியிருக்க வேண்டியது. நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது, அது உங்களுக்கே தெரியும்.

போன மாதம் நம் பழைய கீரைத் தோட்டத்து மேல் எழும்பியிருக்கிற கம்ப்யூட்டர் கம்பெனி நம்மையெல்லாம் வேன் வைத்துக் கூப்பிட்டிருந்தது. கீழ்த்தளச் சுவரில் ஆள் உயரத்துக்குக் கலர் படங்கள். மழை பொய்த்த வருஷம் நம் ஊருக்கு வந்த வெள்ளைக்காரப் படக்காரர் எடுத்தவை. அவர் காலமான பிறகு அவர் மகள் ஏதோ பெட்டியில் இருந்து கண்டெடுத்து அனுப்பினாளாம். எல்லாரும் சுவரைத் தடவித் தடவிப் பார்த்தோம். கரூரிலிருந்து வேலைக்கு வந்திருக்கிற ஒரு பெண் நோட்டுப் புத்தகத்தோடு கூடவே வந்தாள்.

"இதுல யாரு யாருன்னு சொன்னீங்கன்னா, படத்துக்குக் கீழ அட்டை அடிச்சு வெச்சிருவோம்மா."

ஒரு படத்தில் ஒரு பெண் துணி மூட்டை பக்கத்தில் நிற்கிறாள். நம் தோபி அக்கா. தண்டு என்று நாம் சொல்கிற கண்டோன்மென்ட் பக்கத்துப் பங்களாக்களுக்குத் துணி வெளுத்தவள். தலையாரி வீட்டு அண்ணன் கைத்தடியால் அந்தப் படத்தைக் காட்டினார்.

"இவளா? எழுதிக்கம்மா. பங்களாத் துணியத் திருடி மாட்டிக்கிட்டு ஊரை விட்டு ஓடினவ."

சிலர் சிரித்தீர்கள். ஒருவர், "ஆமா, அந்த மஞ்சக் கவுனு கேசு" என்றார். அந்தப் பெண் எழுதிக்கொண்டாள். நான் கையில் காகித டம்ளர் காப்பியோடு நின்றேன். வேனில் ஏறி, இப்போது நான் இருக்கிற ஜீவனஹள்ளி வந்து சேர்ந்தேன். அவள் முகத்துக்குக் கீழே திருடி என்று அச்சடித்து மாட்டப் போகிறார்கள். தினம் ஆயிரம் பிள்ளைகள் கழுத்தில் அட்டை தொங்கவிட்டுக்கொண்டு அதன் வழியாகப் போவார்கள். அவள் திருடவில்லை. அந்த மஞ்சள் கவுனைப் போட்டிருந்தது நான்தான். எப்படி அது என் மேல் வந்தது என்று எனக்குத் தெரியும். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

எனக்கு அப்போது எட்டோ ஒன்பதோ. ஏரி வற்றியது நினைவிருக்கிறதா? முதலில் விரால் மீன் கையாலேயே பிடித்தோம். பத்து நாளைக்கு ஊரே மீன் நாற்றம். பிறகு சேறு வெடித்து, வெடிப்புக்குள் என் கை முழங்கை வரைக்கும் போனது. கொத்தமல்லி, அரைக்கீரை எல்லாம் விதைத்த இடத்திலேயே கருகின. தண்டு மார்க்கெட்டுக்குக் கூடை தூக்கிப் போன பெண்கள் வீட்டில் உட்கார்ந்தார்கள். அப்பா கல்குழிக்குக் கல் உடைக்கப் போனார், அங்கேயும் ஆள் அதிகம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பழைய செங்கல் சூளை பக்கத்தில் தண்டுக் கமிட்டிக்காரர்கள் ராகிக் கஞ்சி ஊற்ற ஆரம்பித்தார்கள். தார் டிரம்மை அலம்பி அதில்தான் காய்ச்சுவார்கள். எத்தனை அலம்பினாலும் கஞ்சியில் தார் வாசம் வரும். எனக்கு இன்றைக்கும் ரோடு போடுகிற இடத்தில் நின்றால் பசிக்கும்.

கமிட்டிக்குத் தலைவி பெரிய பங்களா அம்மா. வெள்ளைப் புடவையில் காரில் வருவார். டிரம்முக்குள் எட்டிப் பார்ப்பார், வரிசையை எண்ணுவார், போவார். எந்த ஊருக்கு ஊற்றுவது, எந்த ஊருக்கு நிறுத்துவது என்பதெல்லாம் அவர் வாயில் இருந்தது.

ஊரில் வேலை இருந்தது தோபி அக்காவுக்கு மட்டும்தான். ஊருக்கு மழை பெய்யாவிட்டாலும் பங்களாக்காரர்கள் அழுக்குத் துணி போடுவார்கள் அல்லவா? கல்குழியில் தேங்கிய தண்ணீரில் வெளுப்பாள். படிப்பு கிடையாது. ஆனால் சேங்கொட்டைப் பாலால் துணியின் உள்பக்கம் அவள் இடுகிற குறி நாற்பது வீட்டுக்கு நாற்பது விதம். இரண்டு புள்ளி ஒரு கோடு என்றால் டாக்டர் வீடு, வட்டத்துக்குள் புள்ளி என்றால் பெரிய பங்களா. ஒரு நாளும் ஒரு கைக்குட்டை மாறிப் போனதில்லை.

இதையும் நீங்கள் மறக்கக் கூடாது. அவளிடம் துணி இரவல் வாங்குவது நம் ஊரில் வழக்கம். பெண் பார்க்க வருகிறார்களா, தோபி அக்கா மூட்டையிலிருந்து ஒரு புடவை. கோர்ட்டுக்குப் போக வேண்டுமா, ஒரு கோட்டு. ஒரு நாள் உடுத்திவிட்டுக் கொடுத்தால் மறுபடி வெளுத்து, இஸ்திரி போட்டு, உரிய வீட்டுக்குக் கொண்டு போவாள். பதிலுக்குக் கீரை கொடுப்போம், கறிவேப்பிலை கொடுப்போம். நம் வீடுகளில் பாதிக் கல்யாணம் அப்படித்தான் நடந்தது. அதை அப்போது ஒருவரும் திருட்டு என்று சொல்லவில்லை.

வெள்ளைக்காரர் படம் பிடிக்க வருகிறார் என்று கமிட்டிக் குமாஸ்தா சொல்லிவிட்டுப் போனார். எதற்கு என்று சொன்னாரா, சொன்னது நமக்கு ஏறவில்லையா, தெரியாது. நம் பஞ்சத்தைக் கடல் தாண்டிக் காட்டி ராகியும் பால் மாவும் வாங்கத்தான் அந்தப் படம். நமக்குத் தெரிந்த படமோ ஸ்டூடியோவில் எடுக்கிற கல்யாணப் படம் ஒன்றுதான். படம் என்றால் நல்ல துணி உடுத்த வேண்டும்.

விடிந்ததும் அம்மா என்னை இழுத்துக்கொண்டு கல்குழிக்குப் போனாள். நான் பக்கத்தில் நின்று கேட்டேன், இது யாரும் சொல்லி எனக்குத் தெரிந்தது இல்லை.

"அக்கா, புள்ளைங்களுக்கு ரெண்டு துணி குடு. படம் புடிக்க வர்றாங்க."

தோபி அக்கா குனிந்தபடியே சொன்னாள். "இன்னிக்கு வேணாம்டி. மூட்டை எல்லாம் பெரிய பங்களாத் துணி. அந்தம்மா கண்ணு கழுகுக் கண்ணு."

"அவங்க என்ன இங்கயா வராங்க? வெள்ளைக்காரன் மட்டுந்தான் வரான்."

"வேணாம்னா விடேன்."

"நாலு ஊரு பாக்கப் போற படம். என் பொண்ணு கிழிசல்ல நிக்கணுமா? அப்புறம் நாளைக்கு இவள எவன் கட்டுவான்? உன் நாத்தனா கல்யாணத்துக்கு எங்க வீட்டுல இருந்து எத்தனை கட்டு கீரை வந்துது, சொல்லு."

"கீரையச் சொல்லிச் சொல்லியே என் உசிர வாங்கு" என்று அக்கா நிமிர்ந்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு மூட்டையை அவிழ்த்தாள். "ஒரு நாழி. மண்ணுல உக்காரக் கூடாது. மூக்கச் சிந்தித் துடைக்கக் கூடாது. ஏய் குட்டி, உன்னத்தான்."

அந்தக் கவுன் மாம்பழ மஞ்சள். நெஞ்சில் சிவப்பு நூலால் காம்போடு இரண்டு பழம் தைத்திருக்கும். அது என்ன பழம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சவுக்காரமும் நீலமும் இஸ்திரிக் கரியும் கலந்த வாசம். நான் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு துணியை உடம்பில் போட்டதில்லை. எங்களைப் பார்த்துவிட்டு நீங்கள் எல்லாரும் ஓடி வந்தீர்கள். அப்பா பித்தளைப் பொத்தான் வைத்த வெள்ளைக் கோட்டை, உள்ளே சட்டை இல்லாமல், கழுத்து வரை பூட்டிக்கொண்டார். அத்தை ரோஜா நிற ஜார்ஜெட். தம்பிக்குக் கிடைத்த கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு படத்தில் ஜமீன்தார் மாதிரி நிற்கிறான்.

படக்காரர் ஜீப்பில் இறங்கி எங்களைப் பார்த்தவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். குமாஸ்தாவிடம் ஏதோ சொன்னார்.

குமாஸ்தா சொன்னார், "தினம் உடுத்தற துணியில நிக்கச் சொல்றாரு."

"தினம் உடுத்தறத தினமுந்தான் பாக்கறோம். அதுக்கு எதுக்குப் படம்?" என்றாள் அம்மா.

"உங்க கஷ்டம் தெரியணுமாம்."

"கஷ்டத்தப் படம் புடிச்சு மாட்டிக்கறதா? பைத்தியமா இவருக்கு?"

பெண்கள் எல்லாம் அம்மா பக்கம். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவர் தோற்றுப்போய் வெடித்த ஏரிக்குள் எங்களை நிற்க வைத்து எடுத்தார். கடைசியாக, ஓரத்தில் மூட்டை பக்கத்தில் நின்றுகொண்டிருந்த தோபி அக்காவைத் தனியாக எடுத்தார். அந்தப் படத்தை நீங்கள் சரியாகப் பார்க்கவில்லை. அவள் புடவையில் தோள் பக்கம் வேறு நிறத் துணியில் ஒட்டு இருக்கிறது. நாற்பது பங்களாவின் துணி கையில் இருந்தும் அன்றைக்கு அந்த ஏரியில் தன் சொந்தக் கிழிசலில் நின்றவள் அவள் ஒருத்திதான். அவள் பார்வை காமிராவில் இல்லை. நாங்கள் மண்ணில் உட்கார்ந்துவிடுவோமோ என்று எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

ஒரு நாழியில் எல்லாத் துணியும் திரும்பிப் போய்விட்டது. சாயங்காலமே மறுபடி வெளுத்துவிட்டாள். கறுப்பு வெள்ளைப் படமாக இருந்திருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும்.

படச்சுருள் கடல் தாண்டிப் போய்க் கழுவி வர இரண்டு மூன்று மாதம் ஆகியிருக்க வேண்டும். இன்னும் மழை இல்லை. கமிட்டிக்காரர்கள் லாரி அனுப்பி எங்களைத் தண்டில் இருந்த அவர்கள் ஹாலுக்குக் கூட்டிப் போனார்கள். நான் முதல்முதலில் லாரி ஏறியது அன்றைக்குத்தான். பகல் வேளை. ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டி, எதிரில் வெள்ளை வேட்டி மாதிரி ஒன்றைத் தொங்கவிட்டார்கள். மெஷினில் சின்னச் சின்னச் சதுரத் தகடு போட்டதும் நாம் அந்த வேட்டியில் வந்தோம், ஆள் அளவுக்கு, கலரோடு. என்ன சத்தம் போட்டோம். அத்தை தன்னைப் பார்த்து வெட்கப்பட்டு முகத்தை மூடிக்கொண்டாள். அப்பாவின் கோட்டுக்குக் கைதட்டினீர்கள்.

அடுத்தது நான். அந்த மஞ்சள் அறை முழுக்க அடித்தது.

முன்வரிசையில் இருந்த பங்களா அம்மா எழுந்து வேட்டிக்கு முன்னால் போய் நின்றார். என் மஞ்சள் அவர் வெள்ளைப் புடவை மேல் விழுந்தது. கிட்டத்தில் குனிந்து அந்த இரண்டு பழத்தையும் பார்த்தார்.

"விளக்கைப் போடுங்க" என்றார்.

போட்டார்கள்.

"இது என் பொண்ணு கவுன். சீமையில இருந்து வந்தது. அந்தக் கோட்டு எங்க வீட்டுது. இந்தப் பொண்ணுக்கு இதை யார் குடுத்தா?"

அவர் என்னைப் பார்த்துக் கேட்டார். "உன்னத்தான் கேக்கறேன். யார் போட்டுவிட்டா?"

போட்டுவிட்டது அம்மா. அதைச் சொல்ல வாயைத் திறந்தேன் என்றுதான் நினைக்கிறேன். அம்மா என் தொடையைக் கிள்ளினாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

"இப்படித் துணி இருக்கிற ஊருக்கு நான் எதுக்குக் கஞ்சி ஊத்தணும்? கமிட்டிய ஏமாத்தணும்னு வேஷம் போட்டீங்களா?"

அம்மா எழுந்தாள். "எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்கம்மா. அவதான் குடுத்தா. போட்டுக்கச் சொன்னா, போட்டுக்கிட்டோம்." கை பின்வரிசையைக் காட்டியது.

பின்னால் ஒருவர், "ஆமாங்க, அவதான்" என்றார். பிறகு இன்னொருவர். பிறகு எல்லாரும்.

தோபி அக்கா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். எங்கள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்த மாதிரி இருக்கிறது எனக்கு. அப்புறம் சொன்னாள், "நான்தாம்மா குடுத்தேன். இவங்க யாரும் கேக்கல. கஞ்சிய நிறுத்திறாதீங்க."

கஞ்சி நிற்கவில்லை. மழை வரும் வரை ஊற்றினார்கள். ஆனால் அந்த வாரமே பெரிய பங்களா துணி போடுவதை நிறுத்தியது, பிறகு டாக்டர் வீடு, பிறகு நாற்பது வீடும். ஊரிலோ வெளுக்கக் கொடுக்க யாரிடம் துணி இருந்தது?

ஒரு நாள் அம்மா தன் பங்குக் கஞ்சியைப் போணியில் ஊற்றி என்னிடம் கொடுத்து அவள் வீட்டுக்கு அனுப்பினாள். அக்கா கரி இல்லாத இஸ்திரிப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன குடுத்து அனுப்பியிருக்கா உங்கம்மா?"

"கஞ்சி."

"எனக்கு இருக்கு. கொண்டு போ." பிறகு கொஞ்சம் தணிந்து, "இங்க பாரு குட்டி. என் ரெண்டு புள்ளைங்களும் அந்த டிரம்முலதான் குடிக்குதுங்க. அதுக்குத்தான் வாய மூடினேன். உங்கம்மாவுக்காக இல்ல. போய்ச் சொல்லு."

நான் சொல்லவில்லை. வழியிலேயே கஞ்சியைக் குடித்துவிட்டு, "வாங்கிக்கிட்டாங்க" என்றேன். அக்கா மன்னித்துவிட்டாள் என்று அம்மா கடைசிவரை நம்பியிருப்பாள். இதை இப்போதுதான் முதன்முதலாகச் சொல்கிறேன்.

முதல் மழை பெய்து ஏரியில் கணுக்கால் தண்ணீர் நின்றபோது, அக்கா குடும்பம் ஸ்ரீராம்புரம் பக்கம் போய்விட்டது. அவள் இருந்தவரை ஊரில் அவளை யாரும் திருடி என்று சொன்னதில்லை. உண்மை எல்லாருக்கும் தெரியும். போன பிறகுதான் ஒவ்வொன்றாக மாறியது. முதலில் "கேக்காமலே குடுத்தா" என்றார்கள். பிறகு "எடுத்துட்டா" என்றார்கள். நம் பிள்ளைகள் வளர்ந்து கேட்டபோது "திருடினா" ஆகிவிட்டது. எனக்குக் கல்யாணம் ஆன பிறகு ஒரு தடவை அம்மாவிடம் கேட்டேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் தலை நிமிராமல், "அன்னிக்குக் கஞ்சி குடிச்சியா இல்லியா?" என்றாள். குடித்தேன். அதற்கு மேல் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

ஒரு வாரத்தில் அந்தக் கோபம் ஆறிவிடும், பங்களாக்காரர்கள் மறுபடி துணி போடுவார்கள் என்று அம்மா கணக்குப் போட்டிருக்க வேண்டும். வெளுக்க ஆள் வேண்டுமே என்று நினைத்திருப்பாள். இப்போது எனக்கு அப்படித் தோன்றுகிறது. அவளுக்குப் பங்களா தெரியாது, ஏரியும் வயிறும்தான் தெரியும்.

எழுதப் போகிறேன் என்றதும் தம்பி கோபித்துக்கொண்டான்.

"விடுக்கா, அதை இப்ப எதுக்குக் கிளறுற? அம்மா பேரச் செவுத்துல ஏத்தணுமா?"

"அந்தக்கா பேரு ஏறுதே."

"அவளுக்காகக் கேக்க இப்ப யாரு இருக்கா?"

"யாரும் இல்லன்னுதான் நான் எழுதறேன்."

"அம்மா இல்லன்னா அன்னிக்கு நாம செத்திருப்போம்."

"அதையும் எழுதறேன்டா" என்றேன்.

இரண்டு நாள் அவன் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பஸ் நம்பர் கேட்டேன், சொன்னான். அந்தக் கம்பெனிக்குத் தனியாகத்தான் போனேன். வாசலில் செக்யூரிட்டி உள்ளே விடவில்லை. கரூர்ப் பெண்ணின் பேர் தெரியாமல், "நோட்டுப் புத்தகம் வெச்சிருந்த பொண்ணு" என்று சொல்லிச் சொல்லி, முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றேன். வந்தாள். அவளுக்கே கவலை, கம்பெனியில் ஆட்களை வீட்டுக்கு அனுப்புகிறார்களாம். ஆனாலும் உட்கார வைத்துக் கேட்டாள். நான் கண்ணை மூடிக்கொண்டு முழுசையும் சொல்லி முடித்தேன்.

"அட்டை இன்னும் பிரிண்டுக்குப் போகலம்மா. ஆனா அந்தப் பெரியவர் வேற மாதிரி சொல்லியிருக்காரு, மத்தவங்களும் ஆமான்னாங்க. நீங்க ஒருத்தர் சொல்லி மாத்தினா மேனேஜர் ஒத்துக்க மாட்டாரு. அன்னிக்கு அந்த ஹால்ல இருந்தவங்க இன்னும் ஒருத்தராவது வந்து சொல்லட்டும், மாத்திடறேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் நிறுத்தி வெக்கிறேன்."

அட்டையில் என்ன போட வேண்டும் என்றும் கேட்டாள். சொன்னேன். "தோபி அக்கா. இந்த ஊர் கேட்டு இவள் துணி கொடுத்தாள். ஊருக்குக் கஞ்சி நிற்கக் கூடாது என்று பழியை ஏற்றுக்கொண்டாள். கேட்டது என் அம்மா." அம்மாவைப் போட வேண்டுமா என்று மறுபடி கேட்டாள். போடு என்றேன்.

தலையாரி வீட்டு அண்ணா, உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் மூன்றாவது படத்தில் நீல காலர் வைத்த சட்டையோடு நிற்கிற பையன் நீங்கள். அந்தச் சட்டை உங்கள் அப்பா வாங்கியதா என்று ஒரு தடவை யோசித்துப் பாருங்கள்.

நான் எழுதியதில் தப்பு நிறைய இருக்கும். அத்தையின் ஜார்ஜெட் ரோஜா நிறமா ஊதாவா என்று தெரியவில்லை. படம் வந்தது இரண்டு மாதத்திலா மூன்று மாதத்திலா என்றும் தெரியவில்லை. ஹாலில் அக்கா இடுப்பில் இருந்தது பெரியவளா சின்னவளா என்பதிலும் எனக்குச் சந்தேகம். தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்துங்கள். அம்மா கேட்டாள் என்பதை மட்டும் திருத்தாதீர்கள். வெள்ளிக்கிழமைக்குள் உங்களில் ஒருவர் என்னோடு வாருங்கள். நானே முதலில் பேசிவிடுகிறேன், நீங்கள் ஆமாம் என்று மட்டும் சொன்னால் போதும்.